அடித்துவிட்ட நான்கு வரிகள்

நவம்பர் 9, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து திரும்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. குடையை வராந்தாவில் விரித்து வைத்தால், கலைவாணி சிஸ்டர் அதன்மேல் தன் ஈரப்பையைச் சாய்த்து வைத்திருக்கிறாள். பதினாறு வருடமாக இந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். இன்னும் ஒரு பொருளை அதன் இடத்தில் வைக்கத் தெரியவில்லை.

மதியம் மருமகள் சகாயம் தன் ஃபோனைக் கொண்டுவந்து காட்டினாள். மெட்ராஸ் ஐ பற்றி அவள் பேசி வெளியிட்ட வீடியோ. கண் டாக்டர் ஒருத்தி கழுத்தில் அடையாள அட்டை முறுக்கிக்கொண்டு தொங்க, “வந்து, வந்து” என்று பேசுகிறாள். நூற்று நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள்.

“இது எதற்கு?” என்றேன்.

“எல்லாத்துக்கும் ஃபோனத்தான் அத்தை பாக்குறாங்க. யாரோ சொன்னான்னு தாய்ப்பால ஊத்திட்டு வராங்க. விளக்கெண்ணெய ஊத்திட்டு வராங்க. நாமளும் பேசலேன்னா அவங்க பேசுறதுதான் நிக்கும்.”

என் வீட்டுக்காரர், பெரிய டாக்டர், இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்கமாட்டார். ஞானாதிக்கம் கண் மருத்துவமனைக்கு ஐம்பது வருடமாக விளம்பரம் தேவைப்பட்டதில்லை. ஆனால் டாக்டர் போய் ஆறு வருடமாகிறது. மகன் ராபின் மஸ்கட்டில் எண்ணெய் கம்பெனியில் இருக்கிறான். கீழே ஆஸ்பத்திரியை நடத்துவது அவன் மனைவி. இந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்ததும் டாக்டர்தான், நான் அல்ல.

நவம்பர் 11, செவ்வாய்

சகாயத்திடம் சொன்னேன்: பேசுவதானால் எழுதி வைத்துப் பேசு. எழுதியதை என்னிடம் கொடு, திருத்தித் தருகிறேன்.

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் நானாக அவளுக்கு ஒன்றைச் செய்துதருகிறேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவையோ என்னவோ.

“தொண்ணூறு செகண்டுக்குள்ள முடிக்கணும் அத்தை. அதுக்கு மேல யாரும் பாக்க மாட்டாங்க.”

தொண்ணூறு நொடி எனக்கு ஒரு பொருட்டல்ல. திருச்சி கான்வென்ட்டில் மதர் ஒடீல் எங்களுக்குச் சுருக்கி வரைதல் கற்றுக்கொடுத்தார். மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் ஒரு சொல் கூடினாலும் அரை மதிப்பெண் போய்விடும். சொன்னதைத் திரும்பச் சொன்னால் ஒரு முழு மதிப்பெண். ஐந்து வருடம் தொடர்ந்து அந்தப் பாடத்தில் நான்தான் முதல்.

நவம்பர் 13, வியாழன்

முதல் பகுதி: மெட்ராஸ் ஐயை எப்படி அறிவது. சகாயம் மூன்று பக்கம் எழுதியிருந்தாள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண், எழுத்துப் பிழை கிடையாது. ஆனால் ஒரே செய்தி நான்கு இடத்தில். ஒரு பக்கமாக்கினேன்.

மாலை படம் பிடித்தார்கள். அடையாள அட்டையைக் கழற்றச் சொன்னேன். பின்னால் இருந்த மருந்துக் கம்பெனி காலண்டரையும் எடுக்கச் சொன்னேன்.

சர்க்கரை 168. சேமியா பாயசம் காரணமாக இருக்கலாம்.

நவம்பர் 14, வெள்ளி

இரண்டாம் பகுதி: எப்படிப் பரவுகிறது. துண்டு, தலையணை உறை, கைகழுவுதல். நன்றாக வந்தது. எண்பத்தோரு நொடி.

நவம்பர் 16, ஞாயிறு

மூன்றாம் பகுதி: வீட்டில் என்ன செய்யலாம். மூன்றிலும் இதுதான் கச்சிதம். பத்து நாளில் தானாகவே சரியாகும், கடையில் மருந்து வாங்கி ஊற்ற வேண்டாம், சுத்தமான துணியில் குளிர்ந்த நீர் ஒத்தடம், பயம் வேண்டாம். ஒரு வாக்கியத்தைக்கூட எடுக்கவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. எழுபத்து நான்கு நொடி.

சகாயம் ஏதோ சொல்ல வந்தாள். பிறகு சரி என்றாள்.

நவம்பர் 24, திங்கள்

மூன்றாம் பகுதியை நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள்! முதல் பகுதி தொள்ளாயிரத்திலேயே நிற்கிறது. கலைவாணி சிஸ்டர் என் ஃபோனிலும் அந்த ஆப்பை இறக்கிக் கொடுத்தாள். கீழே மக்கள் எழுதுவதை எப்படிப் படிப்பது என்றும் காட்டினாள்.

“டாக்டர் மேடம், எவ்வளவு தெளிவாகச் சொல்கிறீர்கள்.” “சுத்தி வளைக்காம நேரா பேசுற ஒரே டாக்டர்.” “உங்கள் தமிழ் அருமை.”

தமிழ் அருமை என்று எழுதியவர் அரக்கோணத்துக்காரர். யாரென்று தெரியாது. இரண்டு முறை படித்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

இரண்டு லட்சம். கிறிஸ்துமஸ் கேக்குக்கு உலர்திராட்சை ஊறவைத்தேன். சகாயத்தின் அம்மா ஊரிலிருந்து முறுக்கு கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். எண்ணெய் காறல். வேலைக்காரியிடம் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 26, வெள்ளி

நேற்று கிறிஸ்துமஸ் பூசை முடிந்து கோயிலில் மூன்று பேர் சகாயத்தை நிறுத்திப் பேசினார்கள். பங்குச் சாமியார்கூட, “டாக்டரம்மா, எங்க குருமடம் முழுக்க உங்க வீடியோதான்” என்றார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். சகாயம் என்னைக் காட்டி, “எழுதுனதெல்லாம் அத்தைதான் சாமி” என்றாள். நான் அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்றேன். சொல்ல வேண்டிய முறை அது.

ஜனவரி 17, சனி

பொங்கல் விடுமுறை. ஆஸ்பத்திரி மூன்று நாள் மூடியிருந்தது. மெட்ராஸ் ஐ காலம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வீடியோ மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நவம்பரில் பேசியதை ஜனவரியில் பார்க்கிறார்கள். ஏழு லட்சம்.

வெளியே அறுவடை இயந்திரங்கள் வரிசையாகப் போகின்றன. எல்லா ஜன்னலிலும் தூசு. திரைச்சீலைகளைத் துவைக்கப் போட்டேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

சகாயம் மதியச் சாப்பாட்டுக்கு மேலே வந்தாள். தட்டில் சாதத்தைப் பிசைந்தவள் சாப்பிடவில்லை.

“பன்னெண்டு நாள் அத்தை. சுணை பட்ட கண்ண பன்னெண்டு நாள் அப்படியே வெச்சிருந்திருக்காங்க.”

நெல் கொள்முதல் நிலையத்தில் தூற்றுகிற பெண்ணாம். பெயர் இந்திராணி, நாற்பத்தாறு வயது. நெல்லின் முள் போன்ற சுணை பட்டுக் கருவிழியில் பூஞ்சைப் புண். அது ஓட்டையே விழுந்துவிட்டது. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறாள்.

“இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டாயா?”

“கேட்டேன்” என்றாள். எழுந்துபோய்க் கைகழுவினாள்.

பிப்ரவரி 4, புதன்

கலைவாணி சிஸ்டரை விசாரித்தேன். முதலில் மழுப்பினாள்.

“அந்தம்மா ஃபோன நீட்டிக் காட்டுச்சுங்க. நீங்கதானே டாக்டரம்மா பத்து நாள்ல தானா சரியாப்போவும்னு சொன்னீங்க, பத்து நாளும் பாத்துட்டு மேக்கொண்டு ரெண்டு நாளும் பாத்துட்டுத்தான் வரேன்னுச்சு. டாக்டரம்மா அப்படியே ஒக்காந்துட்டாங்க.”

அது மெட்ராஸ் ஐ பற்றிய வீடியோ. தலைப்பிலேயே மெட்ராஸ் ஐ என்று இருக்கிறது. கண் சிவந்ததெல்லாம் மெட்ராஸ் ஐ என்று ஒருத்தி நினைத்துக்கொண்டால் பேசியவர் என்ன செய்ய முடியும்?

பிப்ரவரி 6, வெள்ளி

கண்ணை எடுத்துவிட்டார்களாம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. முழங்கால் வலி.

மூன்று பகுதிகளையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். முதல் பகுதியில் தெளிவாக இருக்கிறது: “ஒரு கண்ணில் மட்டும் கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், அல்லது கண்ணில் தூசு, இலை, நெல் சுணை பட்டிருந்தால் அது மெட்ராஸ் ஐ இல்லை. காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.” யாரும் குறை சொல்ல முடியாது. எழுதியாயிற்று, சொல்லியாயிற்று. ஒரு புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் கிழித்துப் படித்துவிட்டு எழுதியவரை எப்படிக் குற்றம் சொல்வது?

முதல் பகுதியை இதுவரை பார்த்தவர்கள் இரண்டாயிரத்து நூறு பேர். மூன்றாம் பகுதியை ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இந்திராணியின் கொழுந்தன் நம் கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு வீடியோ எடுத்திருக்கிறான். டாக்டர் பெயர் பொறித்த பலகை அவன் தலைக்கு மேல் தெரிகிறது.

“பாருங்க மக்களே, இந்த ஆஸ்பத்திரிதான். லைக்குக்காகப் பேசுற டாக்டரு. எங்க அண்ணிக்கு ஒரு கண்ணு போயிடுச்சு. கூலி வேல செய்யுற பொம்பள. இனிமே யாரு வேல குடுப்பா?”

கேட்டைப் பிடித்து ஆட்டுகிறான். டாக்டர் உயிரோடு இல்லாதது நல்லது என்று முதல் தடவையாக நினைத்தேன்.

சகாயம் மூன்றாம் பகுதியை நீக்கிவிட்டாள். ஆனால் யார் யாரோ தங்கள் பக்கத்தில் ஏற்றிவைத்திருக்கிறார்களாம். அதையெல்லாம் நம்மால் நீக்க முடியாதாம்.

பிப்ரவரி 12, வியாழன்

இன்று வந்த நோயாளிகள் நான்கு பேர். வழக்கமாக வியாழன் அறுபது.

தங்களை மருத்துவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்களும் திட்டி எழுதுகிறார்கள். “எச்சரிக்கை அறிகுறிகளைச் சொல்லாமல் வீடியோ போடுவது குற்றம்.” “எம்.எஸ். எங்கே படித்தார்?” ஒரு மூடன் சகாயத்தின் ஊரைக் கண்டுபிடித்து, சத்துணவு ஆயா மகள் டாக்டரானால் இப்படித்தான் என்று எழுதியிருக்கிறான். பதில் எழுத ஆரம்பித்து, முடிக்காமல் விட்டேன்.

சகாயம் படிக்கவில்லை என்கிறாள். படித்திருக்கிறாள்.

பிப்ரவரி 14, சனி

மருத்துவக் கவுன்சிலிலிருந்து கடிதம். பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். சகாயத்தின் மருத்துவர் பதிவை நிறுத்திவைக்கவும் கூடும் என்று இருக்கிறது. அப்படியானால் கீழே பூட்டுத்தான்.

ராபின் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. “ஏன்டி, அந்த வார்னிங்க விட்ட? ஒரு வரி சொல்லியிருக்கலாம்ல? வாய் வலிக்குதா?”

“விட்டுட்டேங்க” என்றாள் சகாயம்.

நான் அப்போது ரசத்துக்குக் கொத்தமல்லி கிள்ளிக்கொண்டிருந்தேன். கிள்ளி முடித்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மேசை இழுப்பறையில் மூன்று பகுதிகளின் கையெழுத்துத் தாள்களும் இருக்கின்றன. நான் எதையும் கிழித்துப் போடுவதில்லை.

டாக்டர் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தால் நாற்காலியில் ஒரு தடவை சொல்வார். எழுந்து வந்து கதவருகில் ஒரு தடவை சொல்வார். நோயாளி செருப்பு மாட்டும்போது வாசலில் நின்றுகொண்டு இன்னொரு தடவை: “வலி வந்தா ராத்திரின்னும் பாக்காதீங்க, வந்துடுங்க.” நான் மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். படித்த மனிதர் இப்படி ஒன்றையே சொல்கிறாரே என்று கூசும். நாற்பத்து மூன்று வருடம் அதை அவரிடம் சொல்லிக்காட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

தவக்காலத்தின் முதல் நாள், கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். இன்றாவது உள்ளபடி எழுதுகிறேன்.

மூன்றாம் பகுதியின் தாளிலும் அந்த எச்சரிக்கை நான்கு வரிகள் இருந்தன. சகாயம் எழுதியிருந்தாள். முதல் பகுதியில் சொன்னதுதானே என்று சிவப்பு மசியால் அடித்தேன். இதுவரை, நான் செய்தது சுருக்கம், படித்துப் பேசியது டாக்டரான சகாயம், பொறுப்பு அவளுடையது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் முழு உண்மை இல்லை.

அடித்த தாளை அவள் திருப்பிக் கொண்டுவந்தாள். ஓரத்தில் நீல மசியால் அதே நான்கு வரிகளை மறுபடியும் எழுதியிருந்தாள்.

“இது மட்டும் இருக்கட்டும் அத்தை. சனங்க ஒண்ணு பாத்தா இன்னொண்ணு பாக்க மாட்டாங்க.”

நான் மறுபடியும் அடித்தேன். கலைவாணி சிஸ்டர் அங்கேயே நின்றிருந்தாள். அவள் முன்னால் சொன்னேன்: “சொன்னதையே சொல்ல இது என்ன உங்கள் ஊர்த் திருவிழா மைக்செட்டா? ஞானாதிக்கம் ஆஸ்பத்திரி பெயரில் பேசுகிறாய். அதற்குத் தக்கபடி பேசு.”

“சரிங்க அத்தை” என்றாள்.

அவ்வளவுதான் நடந்தது.

பிப்ரவரி 20, வெள்ளி

சகாயம் நாளை இந்திராணியைப் பார்க்கப் போகிறாள். வக்கீல் போகவேண்டாம் என்கிறார். போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல் ஆகுமாம்.

நானும் வருகிறேன் என்றேன். “எதுக்கு அத்தை, முழங்கால் வலியோட” என்றாள். வருகிறேன் என்றேன்.

பிப்ரவரி 21, சனி

ஆற்றைத் தாண்டிப் பதினோரு கிலோமீட்டர். தொகுப்பு வீடு. வாசலில் கோழி அடைக்கும் கூடை. இந்திராணி உள்ளே பாயில் உட்கார்ந்து இடது கையால் துழாவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கறுப்புக் கண்ணாடி. எங்களைக் கண்டதும் எழுந்தாள். கதவு நிலையில் தோள் இடித்தது. ஒரு கண் போனால் தூரம் தெரியாது. டாக்டர் சொல்லியிருக்கிறார்.

“வாங்க டாக்டரம்மா. கொழுந்தன் இல்லாத நேரமாப் பாத்து வந்தீங்க, நல்லது. அவன் நாக்குல சனி.”

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றுதான் இருந்தது. என்னை உட்காரவைத்தாள். சகாயம் கீழே அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிப் புண்ணைப் பார்த்தாள். சொட்டு மருந்து எப்போது, எத்தனை முறை என்று கேட்டாள். மற்றக் கண்ணுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்றாள். மறுபடியும் சொன்னாள். எழுதியும் கொடுத்தாள்.

“நீங்க வாய் தொறந்தாலே புரியும்மா,” என்றாள் இந்திராணி. “மத்த டாக்டருங்க பேசுறது நீளமா இருக்கும். இதுவா இருக்கலாம், அதுவா இருக்கலாம்னு கொழப்புவாங்க. நீங்கதான் நறுக்குனு நாலு வார்த்த. பத்து நாள்ல சரியாப்போவும், பயம் வேண்டாம். வலி உசுரு போவுது, ஆனா நீங்க பயம் வேண்டாம்னுட்டீங்களே. அந்த தகிரியத்துல கெடந்தேன். ராவுல வலி வந்தா எடுத்து எடுத்துப் பாத்துக்குவேன்.”

சகாயம் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் சொன்னேன். வீட்டில் நான்கு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். “அம்மா, கண்ணில் சுணை பட்டால் அன்றே வாருங்கள் என்று டாக்டர் எழுதியிருந்தார். அந்த வரிகளை அடித்தது நான். அவர் வேண்டும் என்று கேட்டும் அடித்தேன். தவறு அவருடையது அல்ல. என்னுடையது.”

இந்திராணி ஒற்றைக் கண்ணால் என்னை நெடுநேரம் பார்த்தாள். பிறகு கையை எடுத்துக் கும்பிட்டாள்.

“மருமவளுக்காகப் பழியத் தந்தலையில போட்டுக்குற மாமியார நான் இன்னிக்கித்தாம்மா பாக்குறேன். என் மாமியா இருந்துச்சே, நான் செஞ்ச கொழம்பக்கூட தான் வெச்சேன்னு சொல்லிக்கும். பழின்னா மட்டும் எனக்கு. டாக்டரம்மா, நீங்க குடுத்து வெச்சவங்க.”

நான் சகாயத்தைப் பார்த்தேன்.

“ஆமாங்க,” என்றாள் சகாயம். “எங்க அத்த அப்படித்தான்.”

இந்திராணி டீ போட்டுக் கொடுத்தாள். ஊற்றும்போது டம்ளருக்கு வெளியே கொஞ்சம் சிந்திற்று. குடித்தேன். நீங்கள் நினைப்பதுபோல் இல்லை என்று அதற்குள் சொல்லியிருக்க முடியும். சர்க்கரை கொஞ்சம் அதிகம் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது காரில் கேட்டேன். “ஏன் அப்படிச் சொன்னாய்?”

ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டே பேசினாள். “கோவப்படுறதுக்கு அவங்களுக்கு ஒரு மூஞ்சி போதும் அத்தை. ஃபோன்ல பாத்தது என் மூஞ்சி. நீங்க சொன்னதால அவங்களுக்கு என்ன ஆகப்போகுது? உங்களுக்குத்தான் பாரம் எறங்கும்.”

“கவுன்சிலுக்காவது நான் எழுதுகிறேன்.”

“நான் எழுதிட்டேன். நான் படிச்சேன், நான் பேசுனேன். மாமியார் அந்த வரிய அடிச்சாங்கன்னு எழுதுனா ஒரு டாக்டர் சொல்லுற பதிலா இருக்கும் அது? எது முக்கியம்னு எனக்குத் தெரியும் அத்தை. தெரிஞ்சும் சரின்னேன்.” ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தினாள். “உங்க பேச்சக் கேட்டதுதான் என் தப்பு.”

குரலை உயர்த்தவில்லை. ரயில் போய்க் கேட் திறக்கும்வரை இருவரும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரி 24, செவ்வாய்

நோயாளிகள் பதினொன்று. கலைவாணி சிஸ்டர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவளும் அன்று அங்கே இருந்தவள்தானே.

பிப்ரவரி 27, வெள்ளி

சகாயம் மாதம் ஐயாயிரம் இந்திராணிக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறாள். கொழுந்தன் பெயரில் அல்ல, அவள் பெயரிலேயே. வக்கீலுக்குத் தெரியாது. எனக்கும் சொல்லவில்லை. பாங்கிலிருந்து வந்த குறிப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பிப்ரவரி 28, சனி

கவுன்சிலுக்கு அனுப்பிய விளக்கத்தின் நகல் சாப்பாட்டு மேசையில் இருந்தது. எனக்காக வைத்தாளா, மறந்து வைத்தாளா தெரியவில்லை. இரண்டு பக்கம். படித்தேன்.

பொய் ஒன்றுமில்லை. என் பெயரும் இல்லை.

உள்ளே போய் ஒரு உறை எடுத்துக் கவுன்சிலின் விலாசத்தை எழுதினேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தேதி போட்டேன். மதிப்பிற்குரிய ஐயா என்று எழுதினேன். அதற்குள் கீழே வண்டிச் சத்தம் கேட்டது. சகாயம் வந்துவிட்டாள். அந்த ஒரு வரியோடு தாளை உறைக்குள் போட்டு ஒட்டினேன்.

இழுப்பறையில் இருக்கிறது.